மாடு தந்ததா, மனிதன் தந்ததா?

1983-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்கள் நான்கில் 18 பேருக்குச் சால்மொனெல்லா தொற்று வந்தது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இது செய்தியே அல்ல. அந்த நாட்டில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் இந்தக் கிருமியால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுக்கிறார்கள். ஆனால் இந்தப் பதினெட்டில் 12 பேரிடம் ஒரு விசித்திரமான ஒற்றுமை இருந்தது. வயிற்றோடு சம்பந்தமே இல்லாத வேறு உபாதைகளுக்காக அவர்கள் பென்சிலின் குடும்பத்து மருந்துகளைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மருந்து உள்ளே போன 24 முதல் 48 மணி நேரத்துக்குள் வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. கிருமியைக் கொல்லச் சாப்பிட்ட மருந்தே கிருமியை எழுப்பிவிட்டது போல இருந்தது.

நடந்ததும் ஏறக்குறைய அதுதான். சில நாள்களுக்கு முன்பு சாப்பிட்ட ஏதோ ஒன்றின் வழியாகக் கொஞ்சம் சால்மொனெல்லா அவர்கள் குடலுக்குள் வந்து சேர்ந்திருந்தது. அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் கோடானுகோடி நல்ல பாக்டீரியாக்கள் வந்தவனைத் தலையெடுக்க விடவில்லை. மருந்து வந்ததும் நல்லவை மடிந்தன. புதிதாக வந்த சால்மொனெல்லாவுக்கோ ஆம்பிசிலின், கார்பெனிசிலின், டெட்ராசைக்ளின் மூன்றையும் தாங்கும் சக்தி இருந்தது. காலியான இடம் முழுவதையும் அது பிடித்துக்கொண்டது. பதினெட்டில் 11 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஒருவர் இறந்தார்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஸ்காட் ஹோம்பெர்க்கும் அவருடைய சகாக்களும் இந்தக் கிருமிக்குள் ஒரு பிளாஸ்மிட்டைக் கண்டார்கள். பிளாஸ்மிட் என்பது பாக்டீரியாவின் முதன்மை மரபணுத் தொகுதிக்கு வெளியே தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கும் சின்ன டிஎன்ஏ வளையம். மருந்து எதிர்ப்பு மரபணுக்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட வளையங்களில்தான் உட்கார்ந்திருக்கும். நோயாளிகளின் கிருமிகளில் இருந்த வளையத்தின் நீளம் 38,000 டிஎன்ஏ எழுத்துகள். ஆறு மாநிலங்களின் மனிதர்களிடமும் நாடு முழுவதிலும் கால்நடைகளிடமும் எடுத்து வைத்திருந்த அதே சால்மொனெல்லா உள்வகையின் கிருமிகளை வாங்கி, எதிலெல்லாம் இந்த நீளமுள்ள வளையம் இருக்கிறது என்று தேடினார்கள். இன்னொரு பக்கம் ஹாம்பர்கர் இறைச்சி கடைக்கு எப்படி வந்தது என்று விற்பனைக் கணக்குகளைப் பின்னோக்கிப் புரட்டினார்கள். இரண்டு வழியும் தெற்கு டக்கோட்டாவின் ஒரு மாட்டுக் கூட்டத்தில் போய் நின்றன. அந்த மாடுகள் சீக்கிரம் கொழுப்பதற்காகத் தீவனத்தோடு குளோர்டெட்ராசைக்ளின் சிறு அளவில் கலந்து கொடுக்கப்பட்டு வந்தது.

1984-இல் வெளிவந்த இந்த ஆய்வு பெரிய வாக்குவாதத்தைக் கிளப்பியது. பண்ணையிலிருந்து தட்டு வரைக்கும் மருந்து எதிர்ப்பு நடந்து வந்த பாதையை ஒருவர் முதன்முறையாக வரைந்து காட்டிவிட்டார் என்றது ஒரு தரப்பு. மறுதரப்பின் கேள்வியும் நியாயமானதே. விசாரணை தொடங்கும் முன்பே அந்த மாடுகள் அறுக்கப்பட்டு, விற்கப்பட்டு, தின்னப்பட்டுவிட்டன. மாடே இல்லாதபோது மாட்டின் மீது எப்படிக் குற்றம் சாட்டுவது? ஒரே நீளமுள்ள பிளாஸ்மிட் என்பது வலுவான சாட்சியம்தான், ஆனால் கைரேகை அளவுக்கு உறுதியானது அல்ல.

இந்தச் சண்டை 1984-க்கும் முந்தியது. 1960-களில் பிரிட்டனில் ஈ.எஸ். ஆண்டர்சன் என்ற நுண்ணுயிரியலாளர், வியாபாரிகள் சந்தை சந்தையாகக் கைமாற்றிய பிஞ்சுக் கன்றுக்குட்டிகளின் வழியே மருந்துக்கு மசியாத சால்மொனெல்லா நாடெங்கும் பரவுவதைத் தொடர்ந்து எழுதிவந்தார். அந்தக் கூக்குரலின் பலனாக வந்த 1969-ஆம் ஆண்டின் ஸ்வான் அறிக்கை, மனித வைத்தியத்துக்கு வேண்டிய மருந்துகளை வளர்ச்சி ஊக்கியாகத் தீவனத்தில் கலக்கக் கூடாது என்றது. அதற்குப் பிறகும் கால்நடை மருத்துவர்கள் மனித மருத்துவர்களைக் கைகாட்டுவதும், அவர்கள் இவர்களைத் திரும்பக் கைகாட்டுவதும் நின்றபாடில்லை. மனிதர்களுக்கு மருந்துச்சீட்டு எழுதும் கையும் ஒன்றும் சிக்கனமான கை அல்லவே.

ஒரு கிருமியின் கிளைகளைப் பிரித்தறிய ஆண்டர்சன் காலத்தில் இருந்த கருவி, ஃபேஜ் எனப்படும் வைரஸ்கள். பாக்டீரியாவை மட்டும் தாக்கும் இவற்றில் எந்தெந்த ஃபேஜுக்கு எந்தக் கிருமி மடிகிறது, எதற்கு மடியவில்லை என்று பார்த்து அதற்கு ஓர் எண் கொடுப்பார்கள். அப்படி எண் பெற்ற ஒன்றுதான் டிடி104. சால்மொனெல்லா டைஃபிமியூரியம் என்ற உள்வகையின் ஒரு கிளை இது. இந்தப் பெயரைப் பார்த்து டைபாய்டு என்று எண்ணிவிட வேண்டாம். டைபாய்டு தருவது மனிதனை விட்டால் வேறு போக்கிடம் இல்லாத நெருங்கிய உறவுக் கிருமி. டைஃபிமியூரியமோ மாடு, பன்றி, கோழி, புறா, மனிதன் என்று எந்த வீட்டிலும் தங்கும்.

1980-களில் பிரிட்டனில் தென்பட்ட டிடி104, தொண்ணூறுகளில் உலகின் பல நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆம்பிசிலின், குளோராம்பெனிகால், ஸ்ட்ரெப்டோமைசின், சல்ஃபா மருந்துகள், டெட்ராசைக்ளின் ஆகிய ஐந்தையும் அது தாங்கியது. இவற்றுக்கான மரபணுக்கள் பிளாஸ்மிட்டில் இல்லை. முதன்மைத் தொகுதியிலேயே செருகப்பட்ட 43,000 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டில், சால்மொனெல்லா மரபணுத் தீவு 1 என்று பெயர் பெற்ற துண்டில், ஒன்றாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. எனவே ஐந்தில் ஏதாவது ஒரு மருந்தைக் கொடுத்தாலும் ஐந்து எதிர்ப்பும் கூடவே பிழைத்துக்கொள்ளும். 1998-இல் டென்மார்க்கில் பன்றி இறைச்சி வழியாகப் பரவிய ஒரு டிடி104, இந்த ஐந்தோடு குவினலோன் வகை மருந்துகளுக்கும் சரிவரப் பணியவில்லை. அங்கே 25 பேருக்குத் தொற்று உறுதியானது. இருவர் இறந்தார்கள்.

டிடி104 மாட்டுத் தொழுவங்களிலும் நோயாளிகளிடமும் ஒரே காலத்தில் பெருகியது. அப்படியானால் மாட்டிலிருந்துதான் மனிதனுக்கு வந்திருக்க வேண்டும் என்று கிட்டத்தட்ட எல்லோருமே எடுத்துக்கொண்டார்கள். அதை உண்மையிலேயே சோதித்துப் பார்க்க ஒரு வசதி ஸ்காட்லாந்தில் இருந்தது. கிளாஸ்கோவின் சால்மொனெல்லா ரெஃபரன்ஸ் ஆய்வகத்துக்கு நோயாளிகளின் கிருமிகளும் கால்நடைகளின் கிருமிகளும் ஆண்டுக்கணக்காக வந்துகொண்டிருந்தன. இரண்டும் ஒரே கூரையின் கீழ் ஒரே முறையில் சோதிக்கப்பட்டு, உறைநிலையில் சேமிக்கப்பட்டன. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கிறது. பெரும்பாலான நாடுகளில் மனித மாதிரி சுகாதாரத் துறைக்கும் மாட்டு மாதிரி கால்நடைத் துறைக்கும் போய், இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமலே அழிந்துவிடும்.

ஆலிசன் மேதர் என்ற ஆய்வாளரும் சகாக்களும் முதலில் மரபணுவைத் தொடவே இல்லை. 1990 முதல் 2004 வரை சேர்ந்த 5,200 டிடி104 மாதிரிகளின் பரிசோதனைக் குறிப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, எது எந்தெந்த மருந்தைத் தாங்கியது என்று வகைபிரித்தார்கள். மொத்தம் 65 விதமான எதிர்ப்புச் சேர்க்கைகள் கிடைத்தன. 13 விலங்குகளிடம் மட்டும், 30 மனிதர்களிடம் மட்டும், 22 இருவரிடமும். இந்த எண்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மாடுதான் ஊற்றுக்கண் என்றால் மனிதரிடம் இருப்பதெல்லாம் மாட்டிடமும் இருந்திருக்க வேண்டும். மனிதரிடம் வகைகள் குறைவாக இருந்திருக்க வேண்டும். இங்கே தலைகீழ். இருவருக்கும் பொதுவான 22-இல் 11 முதலில் மனிதரிடம்தான் தலைகாட்டின. முதலில் விலங்கிடம் தென்பட்டவை ஐந்தே ஐந்து.

இது சந்தேகத்தை எழுப்பும், வழக்கை முடிக்காது. அடுத்து முழு மரபணுத் தொகுதியையே படித்தார்கள். ஸ்காட்லாந்து மாதிரிகளோடு வேறு நாடுகளிலிருந்து வந்த சிலவற்றையும் சேர்த்து 373 கிருமிகள், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 49 லட்சம் எழுத்துகள்.

எழுத்துகளைப் படித்தால் உறவு எப்படித் தெரியும்? ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தவர்களுக்கு இந்த வித்தை பழக்கமானது. ஒரு சுவடியைப் பார்த்து இன்னொன்று எழுதும்போது எங்கேனும் ஓர் எழுத்துப் பிசகும். அந்தப் பிரதியைப் பார்த்து எழுதியவர் அந்தப் பிழையையும் எழுதுவார், கூடவே தன் பங்குக்கு ஒன்றைச் சேர்ப்பார். ஒரே இடத்தில் ஒரே பிழை உள்ள இரண்டு ஏடுகள் ஒரே மூல ஏட்டின் வழிவந்தவை. பிழைகளை அடுக்கிக்கொண்டே போனால் எது எதிலிருந்து வந்தது என்ற வம்சாவளி தானாக வரைந்துகொள்ளும். சால்மொனெல்லாவும் பிரியும் ஒவ்வொரு முறையும் தன் 49 லட்சம் எழுத்தையும் பெயர்த்தெழுதுகிறது. ஆண்டுக்குச் சுமார் ஒன்றிரண்டு பிழைகள் நிலைத்துவிடுகின்றன. பத்தாண்டுக்கு முன் ஒரே தாயிடமிருந்து பிரிந்த இரண்டு கிருமிகளுக்கிடையே இன்று இருபதிலிருந்து நாற்பது எழுத்துகள் வரை வேறுபாடு இருக்கும் என்று கணக்குப் போடலாம். அதனால் இந்த மரம் உறவோடு காலத்தையும் சொல்கிறது.

மரத்தை வரைந்து, ஒவ்வொரு கிளை நுனிக்கும் மனிதனா மாடா என்று நிறம் பூசினால் விடை கண்ணுக்கே தெரியும். இரு நிறமும் கலந்து கிடந்தால் கிருமி இரு பக்கமும் போய்வந்துகொண்டிருக்கிறது. கிளைகிளையாகத் தனித்தனி நிறமாக இருந்தால் அவரவர் வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2013-இல் சயின்ஸ் இதழில் வெளியான அந்த மரத்தில் நிறங்கள் பெரும்பாலும் பிரிந்தே இருந்தன. மாட்டிலிருந்து மனிதனுக்கும் மனிதனிலிருந்து மாட்டுக்கும் தாவல்கள் இருந்தன, ஆனால் குறைவு. ஒரே பெருந்தொற்று என்று எல்லோரும் நினைத்திருந்தது, பக்கத்துப் பக்கத்தில் நடந்த இரண்டு தொற்றுகளாகத் தெரிந்தது.

தீவனத்தில் மருந்து கலப்பதை ஆதரிப்பவர்களுக்கு இது கொண்டாட்டமாக இருந்திருக்கும். கட்டுரையை அப்படி வாசிப்பது தவறு என்பது என் எண்ணம். அந்த மரம் சொல்வது ஸ்காட்லாந்தின் டிடி104-ஐப் பற்றி மட்டுமே. விலங்கு மாதிரிகளில் பெரும்பங்கு அந்த ஊர் மாடுகளுடையது. ஸ்காட்லாந்துக்காரர்களோ தங்கள் ஊர் மாட்டை மட்டுமா சாப்பிடுகிறார்கள்? இறக்குமதியான இறைச்சி வருகிறது. விடுமுறைக்கு வெளியூர் போகிறவர்கள் அங்கே சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். எங்கோ ஒரு நாட்டின் பன்றியிடமிருந்து வந்த கிருமிக்கும், அந்தப் பன்றியின் மாதிரி கையில் இல்லாதவரை, மரத்தில் மனித நிறம்தான் கிடைக்கும். மாதிரி எடுக்காத எதற்கும் மரத்தில் இடமில்லை. மரபணு வாசிக்கும் எந்திரம் எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் அந்தக் குறையை அது ஈடுகட்டாது.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் கதை நேரெதிராக நடந்தது. அங்கே குஞ்சு பொரிப்பகங்களில், பொரிப்பதற்கு முன்பே முட்டைக்குள் ஊசி போடுவது வழக்கம். அந்த ஊசியில் செஃப்டியோஃபர் என்ற மருந்தும் போனது. குஞ்சுக்கு ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் தொற்று வராமல் முன்கூட்டியே காப்பதற்காக. கடுமையான சால்மொனெல்லா நோய் கண்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவர்கள் நம்பியிருக்கும் செஃப்ட்ரையாக்சோன் இதே குடும்பத்து மருந்து. ஒன்றுக்குப் பழகிய கிருமி மற்றொன்றுக்கும் அசையாது. கடைக் கோழியிறைச்சியில் இருக்கும் ஹைடல்பர்க் என்ற உள்வகையிலும் நோயாளிகளிடம் கிடைத்த அதே உள்வகையிலும் இந்த எதிர்ப்பு சேர்ந்தே ஏறியது. விஷயம் வெளியே வந்ததும் 2005 பிப்ரவரியில் பொரிப்பகங்கள் தாங்களாகவே ஊசியை நிறுத்தின.

2004-இல் கடைக் கோழியின் ஹைடல்பர்க் கிருமிகளில் 62 சதவீதம் இந்த மருந்தை எதிர்த்தன. 2006-இல் 7 சதவீதம். மனிதரிடம் 36-லிருந்து 8 சதவீதத்துக்கு இறங்கியது. பிறகு 2007 வாக்கில் ஊசி ஓரளவுக்குத் திரும்ப வந்ததும் எதிர்ப்பும் மறுபடி ஏறத் தொடங்கியது. யாரும் திட்டமிடாமல் நடந்த பரிசோதனை இது. நிறுத்தினால் இறங்குகிறது, தொடங்கினால் ஏறுகிறது என்பதைவிடத் தெளிவான சாட்சியத்தை எந்த மரமும் கொடுக்க முடியாது. கனடாவின் கோழிப்பண்ணைத் துறை 2014 மே மாதத்தில் இந்த வகை மருந்துகளை நோய்த்தடுப்புக்காகக் கொடுப்பதை முழுவதுமாகக் கைவிட்டது.

மாடு ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் விடுதலை, கோழி கியூபெக்கில் மாட்டிக்கொண்டது. ஆப்பிரிக்காவின் சஹாராவுக்குத் தெற்கே மூன்றாவது ஒரு கதை. அங்கே எஸ்டி313 என்ற டைஃபிமியூரியம் கிளை வயிற்றோடு நில்லாமல் இரத்தத்துக்குள் புகுந்து, குழந்தைகளையும் எச்ஐவி உள்ளவர்களையும் கொல்கிறது. மலாவி குழந்தை ஒன்றின் இரத்தத்திலிருந்து எடுத்த கிருமியின் மரபணுத் தொகுதி 2009-இல் வெளியானபோது, அதில் செயலிழந்துபோன மரபணுக்கள் பல கிடந்தன. டைபாய்டு கிருமியிடமும் இதே தேய்மானம் உண்டு. பல விலங்குகளில் வாழும் திறனை ஒரு கிருமி தொலைத்து, மனிதனோடு மட்டும் ஒட்டிக்கொள்ளத் தொடங்குவதன் அறிகுறி என்று பலர் இதைப் பார்க்கிறார்கள். கென்யாவில் நோயாளிகளின் வீட்டு விலங்குகளைச் சோதித்தபோதும் அவற்றிடம் கிடைத்தவை பெரும்பாலும் வேறு வகைகளாகவே இருந்தன. இந்தக் கிளையில் குளோராம்பெனிகாலைத் தாங்கிய பிரிவு, தாங்காத பழைய பிரிவை ஏறக்குறைய முழுவதுமாகத் துடைத்துவிட்டது. அந்த மருந்து அங்கே மனித வைத்தியத்தில்தான் தாராளமாகப் புழங்கியது.

ஏட்டு உவமை ஓரிடத்தில் உடைகிறது. பாக்டீரியாக்கள் பிள்ளைகளுக்கு மட்டும் மரபணுவைக் கொடுப்பதில்லை, பக்கத்தில் நிற்கும் அந்நியனுக்கும் பிளாஸ்மிட்டைக் கொடுத்துவிடுகின்றன. அதனால் கிருமி தாவாமலே எதிர்ப்பு தாவலாம். மாட்டின் ஈ.கோலையில் இருந்த மரபணு, மனிதக் குடலில் வேறொரு சால்மொனெல்லாவுக்குள் போய்ச் சேரலாம். கிருமியின் மரத்தில் இதற்கு ஒரு தடயமும் இருக்காது. எதிர்ப்பு மரபணுவுக்கும் அது ஏறிவரும் வண்டிக்கும் தனித்தனியே தடம் தேட வேண்டும்.

அதற்கு எம்சிஆர்-1 நல்ல எடுத்துக்காட்டு. வேறு எந்த மருந்தும் கேட்காத நிலையில் கடைசிப் புகலாகக் கொடுக்கும் கோலிஸ்டினை முறியடிக்கும் மரபணு இது, பிளாஸ்மிட்டில் ஏறிப் பயணிப்பது. 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் பன்றிகளிடமும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் இதைக் கண்டதாக அறிவித்தார்கள். பிரிட்டன் 2014-லிருந்தே வந்த சால்மொனெல்லா ஒவ்வொன்றின் மரபணுத் தொகுதியையும் வாசித்துக் கணினியில் போட்டு வைத்திருந்தது. எனவே உறைபெட்டியைத் திறந்து எதையும் புதிதாக வளர்க்க வேண்டியிருக்கவில்லை. சால்மொனெல்லாவோடு ஈ.கோலை போன்ற பிற கிருமிகளுடையவற்றையும் சேர்த்துச் சுமார் 24,000 தொகுதிகளில் அந்த எழுத்துத் தொடரைத் தேடினார்கள். 15-இல் கிடைத்தது. சீனாவில் கண்டுபிடிப்பதற்கு முன்பே பிரிட்டனுக்குள் வந்துவிட்டிருந்த மரபணு அது. யாரும் பெயர் வைக்காததால் யாரும் தேடவில்லை.

இந்தியா 2019 ஜூலையில் உணவுக்கான விலங்குகள், கோழிகள், மீன் வளர்ப்பு, தீவனம் ஆகியவற்றில் கோலிஸ்டினைத் தடைசெய்தது. அதுவரை நம் ஊர்த் தீவனக் கடைகளில் அது தாராளமாகக் கிடைத்துவந்த பொருள். தடைக்குப் பிறகு எதிர்ப்பு இறங்குகிறதா என்று கியூபெக் போலக் காட்ட வேண்டுமானால், கோழி மாதிரியும் நோயாளி மாதிரியும் ஒரே காலத்தில், ஒரே வட்டாரத்தில், ஒரே முறையில் எடுக்கப்பட வேண்டும். இங்கே நோயாளிகள் பக்கத்தை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கண்காணிப்பு வலையமைப்பு பார்க்கிறது. கால்நடை, மீன் பக்கத்தை இன்ஃபார் என்ற இன்னொரு வலையமைப்பு பார்க்கிறது. இரண்டும் வெவ்வேறு அமைச்சகங்களின் பிள்ளைகள். மரம் வரைய ஆள் இல்லாமல் இல்லை. இரண்டு நிறமும் ஒரே காகிதத்துக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் பக்கத்து மாநிலமான கேரளத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. அதில் மருந்து எதிர்ப்பு இல்லை, தடம் பிடித்த விதம் மட்டும் முக்கியம். சால்மொனெல்லாவின் உள்வகைகள் 2,500-க்கும் மேல். பலவற்றுக்கு முதலில் கிடைத்த ஊரின் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் பரேலி பெயரிலும் ஒன்று இருக்கிறது. 2012-இல் அமெரிக்காவில் சுஷி சாப்பிட்டவர்களிடையே இந்தப் பரேலி வகையும் கூடவே இன்னொரு வகையும் பரவி 425 பேர் நோயுற்றார்கள். காரணம், முள்ளோடு ஒட்டியிருக்கும் சூரை மீன் சதையைச் சுரண்டியெடுத்து உறையவைத்து அனுப்பிய சரக்கு. அது கேரளத்தின் ஓர் ஆலையிலிருந்து போனது. பழைய பரிசோதனை முறையில் இந்தக் கிருமியையும் சம்பந்தமில்லாத வேறு பரேலிக் கிருமிகளையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. முழு மரபணுத் தொகுதியை வாசித்து மரம் வரைந்ததும், நோயாளிகளின் கிருமிக்கு மிக நெருங்கிய உறவாக வந்து நின்றது ஓர் இறாலிலிருந்து எடுத்த பழைய மாதிரி. அந்த இறால் வந்த இடம் சூரை மீன் ஆலையிலிருந்து எட்டு கிலோமீட்டர் தொலைவில்தான் இருந்தது. அதை எடுத்து வைத்தது அமெரிக்காவில் யாருக்கும் வயிறு கெடுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, வேறு ஏதோ வழக்கமான சோதனைக்காக.